எஃப்1 முதல் எஃப்12 வரை: புதிதாக கம்ப்யூட்டர் வேலைக்கு வருகிறவர்களுக்குக் கீபோர்டு வழிகாட்டி

கணக்கர் அலுவலகம், டிடிபி கடை, இ-சேவை மையம், கம்பெனியின் பில்லிங் பிரிவு என்று எங்கே சேர்ந்தாலும், முதல் வாரத்தில் பக்கத்து மேசைக்காரர் மௌஸைத் தொடாமலே நாலு வேலையை முடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடனே இணையத்தில் தேடி, "நூறு ஷார்ட்கட்டுகள்" என்று ஒரு பட்டியலை பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுவீர்கள். அந்தத் தாளால் பயன் இல்லை. அதில் எண்பது உங்கள் வேலைக்குத் தேவைப்படாது. மீதியில் எதை எங்கே அழுத்தக் கூடாது என்பதை அது சொல்லாது.

இந்தக் கட்டுரை விண்டோஸ் 10, 11 கணினியில் வேர்டு, எக்செல், குரோம், டேலி (கணக்கு எழுதும் புரோகிராம்) வைத்து வேலை செய்கிறவர்களுக்கானது. ஆப்பிள் கணினியில் கீகள் வேறு.

படிக்கும் முன் ஒன்று. தமிழில் எழுதினால் சில ஆங்கில எழுத்துகள் ஒன்றுபோலவே ஒலிக்கும். அதனால் குழப்பம் வரும் இடங்களில் போனில் ஸ்பெல்லிங் சொல்வதுபோல டெஸ்க்டாப் டி, டேபிள் டி, பிரிண்ட் பி என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லின் முதல் எழுத்துதான் அழுத்த வேண்டிய கீ.

1. முதலில் எஃப் வரிசை வேலை செய்கிறதா பாருங்கள்

லேப்டாப்காரர்கள் பலர் இங்கேயே தோற்றுப்போகிறார்கள். எஃப்2 அழுத்தினால் திரை வெளிச்சம் குறைகிறது, எஃப்5 அழுத்தினால் வேறென்னவோ நடக்கிறது, "இந்த ஷார்ட்கட் எல்லாம் பொய்" என்று விட்டுவிடுவார்கள். லேப்டாப் கம்பெனிகள் அந்த வரிசைக்கு ஒலி, வெளிச்சம் முதலியவற்றை முதல் வேலையாகவும் எஃப் எண்களை இரண்டாம் வேலையாகவும் வைத்து அனுப்புவதுதான் காரணம்.

சோதனை எளிது. எக்செல்லில் எழுத்து உள்ள ஒரு செல்லில் நின்று எஃப்2 அழுத்துங்கள். செல்லுக்குள் கர்சர் மினுக்கினால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் இடது கீழ் மூலையில் இருக்கும் எஃப்என் கீயைப் பிடித்துக்கொண்டு எஸ்கேப் கீயைத் தட்டுங்கள். லெனோவா, டெல், ஆசூஸ் லேப்டாப்களில் பல மாடல்களுக்கு இது போதும். எஸ்கேப் கீயின் மேல் சின்னப் பூட்டுப் படம் இருந்தால் அதற்காகத்தான்.

எச்பி மாடல்கள் பலவற்றில் இதை பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) போய்தான் மாற்ற வேண்டும். ரீஸ்டார்ட் கொடுத்து, திரை கறுத்தவுடன் எஃப்10-ஐ விட்டு விட்டுத் தட்டுங்கள். சிஸ்டம் கான்ஃபிகரேஷன் என்ற பகுதியில் ஆக்‌ஷன் கீஸ் மோட் என்று இருக்கும். அதை டிஸேபிள் ஆக்கி, சேமித்து வெளியே வாருங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். ஷட்டவுன் செய்து ஆன் செய்வதைவிட ரீஸ்டார்ட் கொடுப்பது நல்லது. விண்டோஸின் வேகத் தொடக்க வசதியால் சில கணினிகளில் எஃப்10 அழுத்த நேரமே கிடைக்காது.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. கணினியில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால், பயாஸில் மாற்றம் செய்தபின் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். சொந்த லேப்டாப் என்றால் அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக் குறித்து வையுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் நீங்கள் கை வைக்கவே வேண்டாம், சிஸ்டம் அட்மினிடம் சொல்லுங்கள். அதுவரை எஃப்என் கீயைச் சேர்த்து அழுத்திச் சமாளிக்கலாம்.

2. அழுத்தும் முறை

கன்ட்ரோலை முதலில் அழுத்திப் பிடியுங்கள். பிடித்தபடியே எழுத்தை ஒருமுறை தட்டுங்கள். பிறகு இரண்டையும் விடுங்கள். புதியவர்கள் இரண்டையும் ஒரே சமயத்தில் அமுக்கப் பார்ப்பார்கள். காப்பி செய்ய கன்ட்ரோல் + சி தட்டும்போது கன்ட்ரோல் ஒரு கணம் பிந்தினால் போச்சு: தேர்ந்தெடுத்து வைத்திருந்த மூன்று பத்தியும் மறைந்து, அந்த இடத்தில் ஒற்றை சி எழுத்து மட்டும் நிற்கும். பதறி வேறு எதையும் தட்டாமல் உடனே கன்ட்ரோல் + இசட் கொடுத்தால் அத்தனையும் திரும்பி வரும். அதனால்தான் காப்பி, பேஸ்ட்டுக்கு முன்னால் கற்க வேண்டியது இசட். தவறிப்போய் இசட் ஒன்று கூடிவிட்டால் கன்ட்ரோல் + ஒய்.

3. முதல் வாரத்துக்கு இவை மட்டும்

கன்ட்ரோலுடன் சி காப்பி, எக்ஸ் கட், வி பேஸ்ட், ஏ எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க, எஸ் சேமிக்க, எஃப் தேட. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. புதியவர்கள் தவறவிடுவது விண்டோஸ் கீயுடன் சேர்பவை.

விண்டோஸ் + எல் திரையைப் பூட்டும். டீ குடிக்க எழுந்தால்கூட இதைத் தட்டிவிட்டு எழுந்திருங்கள். விண்டோஸ் + டெஸ்க்டாப் டி எல்லா ஜன்னலையும் இறக்கி டெஸ்க்டாப்பைக் காட்டும். இன்னொரு முறை தட்டினால் பழையபடி வரும். விண்டோஸ் + ஈ ஃபோல்டர்களைத் திறக்கும். ஆல்ட் + டேப், திறந்திருக்கும் புரோகிராம்களுக்கிடையே தாவ.

விண்டோஸ் + ஷிஃப்ட் + எஸ் திரையில் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும். வெட்டியது நேரே கிளிப்போர்டுக்குப் போய்விடும். வாட்ஸ்அப் வெப்பிலோ மெயிலிலோ கன்ட்ரோல் + வி கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும். திரையைப் போனில் படம்பிடித்து அனுப்பும் வழக்கத்தை இதோடு விட்டுவிடலாம்.

விண்டோஸ் + வி கடைசியாக காப்பி செய்த 25 விஷயங்கள் வரை பட்டியலிடும். முதல்முறை தட்டும்போது ஆன் செய்யச் சொல்லும். ஒருவரின் பெயர், ஆதார் எண், முகவரி என்று மூன்றையும் வரிசையாக காப்பி செய்துவிட்டு, படிவத்தில் ஒவ்வொன்றாக எடுத்துப் போடலாம். ஆனால் பாஸ்வேர்டை காப்பி செய்திருந்தால் அதுவும் அந்தப் பட்டியலில் உட்கார்ந்திருக்கும். பலர் வந்துபோகும் கணினியில் இதை ஆன் செய்யாதீர்கள், அல்லது கிளம்பும் முன் பட்டியலை அழித்துவிடுங்கள். பட்டியலில் பின் குத்தி நிறுத்தி வைக்காதவை ரீஸ்டார்ட் ஆனதும் போய்விடும்.

ஷிஃப்ட் + டெலீட் மட்டும் வேண்டாம். அதில் ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேரே அழியும். சாதாரண டெலீட் என்றால் ஃபோல்டரிலேயே கன்ட்ரோல் + இசட் தட்டி மீட்கலாம்.

4. எஃப் வரிசையில் எது உண்மையில் வேலைக்கு ஆகும்

எஃப்1 உதவிப் பக்கம். எஃப்2-வையோ எஸ்கேப்பையோ தேடும் விரல் தவறி இதில் பட்டு, வேண்டாத ஜன்னல் திறப்பதுதான் இதன் தினசரிச் சேவை. எக்செல்லிலேயே குடியிருக்கிறவர்கள் சிலர் அந்தக் கீயையே பிடுங்கி வைத்துவிடுவார்கள்.

எஃப்2 தங்கம். ஃபைலைத் தேர்ந்தெடுத்து எஃப்2 தட்டினால் பெயர் மாற்றலாம். பெயரை அடித்துவிட்டு என்டருக்குப் பதில் டேப் கீயைத் தட்டுங்கள், அடுத்த ஃபைலின் பெயர் தானாகத் திறக்கும். ஸ்கேன் செய்த இருபது சான்றிதழுக்கு ஒரே ஓட்டமாகப் பெயர் வைத்துவிடலாம். பல ஃபைல்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து எஃப்2 கொடுத்தால் ஒரே பெயரில் 1, 2, 3 என்று எண் போட்டுவிடும். தெரியாமல் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து இதைச் செய்துவிட்டால், மறுபடி கன்ட்ரோல் + இசட்.

எஃப்5 பிரவுசரில் பக்கத்தைப் புதுப்பிக்கும், பவர்பாயின்ட்டில் ஸ்லைடு ஷோவை முதலிலிருந்து தொடங்கும். ஷிஃப்ட் + எஃப்5 என்றால் நிற்கும் ஸ்லைடிலிருந்து. நோட்பேடில் எஃப்5 தட்டினால் அன்றைய தேதியும் நேரமும் விழும். போன் வந்த நேரத்தைக் குறித்து வைக்க வசதி.

எஃப்11 பிரவுசரை முழுத்திரையாக்கும். மேலே பட்டையெல்லாம் காணாமல் போனதென்று பயப்பட வேண்டாம், மறுபடி எஃப்11. எஃப்12 வேர்டிலும் எக்செல்லிலும் வேறு பெயரில் சேமிக்கும் பெட்டியை நேரே திறக்கும். அங்கேயே பிடிஎஃப் வகையையும் தேர்ந்தெடுக்கலாம். அதே எஃப்12 குரோமில் புரோகிராமர்களுக்கான பெட்டியைத் திறந்து பயமுறுத்தும். இன்னொரு தட்டில் மூடிவிடும். எஃப்7 வேர்டில் ஆங்கில ஸ்பெல்லிங் பார்க்க. மற்றவை தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆல்ட் + எஃப்4 திறந்திருக்கும் புரோகிராமை மூடும். எதுவும் திறந்திராதபோது டெஸ்க்டாப்பில் தட்டினால் ஷட்டவுன் பெட்டி வரும். அவசரத்தில் என்டர் தட்டிவிடாதீர்கள்.

5. எக்செல்: எஃப்4, எஃப்2 இரண்டும் புரிந்தால் பாதி எக்செல் புரிந்தது

சி பத்தியில் பொருள்களின் விலை, எச்1 செல்லில் ஜிஎஸ்டி 18% என்று வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப் டி பத்தியின் இரண்டாம் வரியில் =சி2*எச்1 என்று, எழுத்துகளை ஆங்கிலத்தில் அடித்து, கீழே இழுத்தால் முதல் விடை மட்டும் சரியாக வரும். மீதியெல்லாம் பூஜ்யம். காரணம், அடுத்த வரியில் எக்செல் எச்1-ஐ எச்2 ஆக்கிவிடுகிறது. எச்2 காலி.

ஃபார்முலா அடிக்கும்போது கர்சர் எச்1-ஐ ஒட்டி நிற்கையில் எஃப்4 தட்டுங்கள். அது $எச்$1 ஆகும். இனி எங்கே இழுத்தாலும் அந்த செல்லைவிட்டு நகராது. இரண்டாம் தட்டுக்கு எச்$1, மூன்றாம் தட்டுக்கு $எச்1, நான்காவதில் பழையபடி எச்1. ஃபார்முலாவுக்கு வெளியே தட்டினால் எஃப்4 கடைசியாகச் செய்த வேலையைத் திரும்பச் செய்யும். ஒரு செல்லுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருந்தால், அடுத்த செல்லில் நின்று எஃப்4 தட்டினால் அதற்கும் மஞ்சள்.

அடுத்து எஃப்2. ஃபார்முலாவைத் திருத்தலாமென்று இடது அம்புக்குறியைத் தட்டுவீர்கள். கர்சர் நகராமல் பக்கத்து செல்லின் பெயர் ஃபார்முலாவில் ஒட்டிக்கொள்ளும். திரையின் இடது கீழ் மூலையைப் பாருங்கள். அங்கே என்டர் என்று இருந்தால் அம்புக்குறி செல்களைப் பொறுக்கும். எடிட் என்று இருந்தால் கர்சர் நகரும். எஃப்2 ஒவ்வொரு தட்டுக்கும் இந்த இரண்டு நிலைக்குமிடையே மாற்றுகிறது. சொதப்பிவிட்டால் எஸ்கேப்.

கன்ட்ரோல் + அரைப்புள்ளி இன்றைய தேதியைப் போடும். பில்லுக்கு இதுதான் சரி. டுடே ஃபார்முலா போட்டால் நாளை திறக்கும்போது பில் தேதி நாளைக்கு மாறியிருக்கும். ஆல்ட் + சமக்குறி மேலே உள்ளவற்றைக் கூட்டிவிடும். ஆல்ட் + என்டர் ஒரே செல்லுக்குள் அடுத்த வரி. கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எல் ஃபில்டர்.

கன்ட்ரோல் + ஷிஃப்ட் + கீழ் அம்புக்குறி பத்தியைக் கடைசிவரை தேர்ந்தெடுக்கும் என்று பட்டியல்களில் போட்டிருக்கும். அது கடைசிவரை போகாது, நடுவில் காலி செல் வந்தால் அங்கேயே நின்றுவிடும். இருநூறு வரியில் எண்பதாவது வரி காலியென்றால், தெரியாமல் முதல் எழுபத்தொன்பதை மட்டும் வரிசைப்படுத்தி, கணக்கைக் குழப்பிவிடுவீர்கள். தேர்ந்தெடுத்த பின் எந்த வரி எண்ணில் நிற்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

6. வேர்டு: பழைய தமிழ் எழுத்துருவில் கை வைக்கும் முன்

யுனிகோட் தமிழில் (எந்தக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரியும் எழுத்து) அடிக்கிறீர்களென்றால் இந்தப் பகுதியில் பாதி உங்களுக்கு வேண்டாம். ஆனால் டிடிபி கடைகளில் இன்னமும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. அவற்றுக்கு உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், தமிழ் முகமூடி மட்டும் மேலே.

ஷிஃப்ட் + எஃப்3 ஆங்கிலத்தில் சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சின்ன எம் அ, பெரிய எம் ஆ. சின்ன கே ம, பெரிய கே மு. அப்படியானால் பத்தியைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் + எஃப்3 தட்டினால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. அழைப்பிதழ் முழுக்கக் கோணலாகிவிடும். மறுபடி மறுபடி அதே கீயைத் தட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், எந்த எழுத்து முன்பு சின்னது என்ற தகவலே அழிந்துவிடும். கன்ட்ரோல் + இசட் மட்டுமே வழி. இதே காரணத்தால், வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் ஆட்டோகரெக்ட் வசதியையும் நிறுத்தி வையுங்கள்.

கன்ட்ரோல் + ஸ்பேஸ் எழுத்தின் வடிவமைப்பை நீக்கும் கீ. யுனிகோடில் பயனுள்ளது. பாமினியில் எழுத்துருவே போய், தமிழ் இருந்த இடத்தில் ஆங்கிலக் கிறுக்கல் நிற்கும். இங்கே சேதமில்லை, மறுபடி எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

புதுப் பக்கம் வேண்டுமென்றால் என்டரை இருபது முறை தட்டாமல் கன்ட்ரோல் + என்டர் கொடுங்கள். பின்னால் மேலே ஒரு வரி சேர்த்தாலும் பக்கம் சரியாது. தமிழ் 99 கீபோர்டை விண்டோஸின் மொழி அமைப்பில் சேர்த்திருந்தால், விண்டோஸ் + ஸ்பேஸ் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றும். இடது ஆல்ட் + ஷிஃப்டும் மாற்றும். இது கை தவறிப் படுவதால்தான் ஆங்கிலம் அடிக்கையில் திடீரென்று தமிழ் விழுகிறது. ரூபாய்க் குறி ₹ வேண்டுமென்றால் இங்கிலீஷ் இந்தியா கீபோர்டைத் தேர்ந்தெடுத்து, வலது ஆல்ட்டுடன் 4.

7. டேலி: இங்கே கீகளுக்கு வேறு அர்த்தம்

டேலியில் ஒவ்வொரு பதிவும் ஒரு வவுச்சர். அதன் வகைகளுக்கு எஃப்4 கான்ட்ரா (ரொக்கத்துக்கும் வங்கிக்கும் இடையே), எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். எஃப்2 தேதி, ஆல்ட் + எஃப்2 காலவரம்பு. வவுச்சர் போடும்போது அந்தப் பெயரில் லெட்ஜர் (கணக்குத் தலைப்பு) இல்லையென்றால், வெளியே போகாமல் ஆல்ட் + சி தட்டி அங்கேயே உருவாக்கலாம்.

பொறி ஒன்றுதான், ஆனால் பெரியது. மற்ற எல்லா இடத்திலும் கன்ட்ரோல் + ஏ எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும். டேலியில் அது வவுச்சரை ஏற்றுச் சேமித்துவிடும். தொகையை அழித்துத் திருத்தலாமென்று பழக்க தோஷத்தில் தட்டினால் தவறான தொகை பதிவாகிவிடும். டே புக்கில் அந்த வவுச்சரைத் தேடித் திறந்துதான் திருத்த வேண்டும். தேதியை எஃப்2-வில் ஒருமுறை பார்த்துவிட்டு நாளைத் தொடங்குங்கள். நேற்றைய தேதியில் பதிவுகள் விழுவது டேலியில் புதியவர்களின் வழக்கமான பிழை.

8. ஆன்லைன் படிவமும் பணமும்

பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது எஃப்5 தட்டாதீர்கள். அனுப்பிய விவரம் இரண்டாம் முறை போகும் வாய்ப்பு உண்டு. படிவத்தை மீண்டும் அனுப்பவா என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வங்கி எஸ்எம்எஸ் வந்ததா என்று பார்த்து, விண்ணப்ப எண்ணை வைத்து உள்ளே போய் நிலையைச் சரிபார்த்த பிறகே மறுபடி கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

படிவத்தில் அடுத்த கட்டத்துக்கு டேப் கீ, முந்தையதற்கு ஷிஃப்ட் + டேப், டிக் போட ஸ்பேஸ். மாவட்டம் போன்ற நீண்ட பட்டியலில் பெயரின் முதல் சில ஆங்கில எழுத்தை அடித்தால் அங்கே தாவும். ஆனால் தேர்ந்தெடுத்த கையோடு பக்கத்தைக் கீழே நகர்த்த அம்புக்குறியைத் தட்டாதீர்கள். கவனம் இன்னும் அந்தப் பட்டியலிலேயே இருப்பதால், தஞ்சாவூர் என்று வைத்தது சத்தமில்லாமல் வரிசையில் அடுத்துள்ள மாவட்டமாகிவிடும். முதலில் டேப் கீயைத் தட்டி வெளியே வந்துவிட்டு நகர்த்துங்கள். கன்ட்ரோல் + டபிள்யூ டேபை மூடும். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டேபிள் டி மூடிய டேபைத் திரும்பத் திறக்கும், ஆனால் பாதி நிரப்பிய படிவம் அப்படியே திரும்பும் என்பதற்கு உறுதியில்லை.

அனுப்பிய பின் ஒப்புகைப் பக்கத்தில் கன்ட்ரோல் + பிரிண்ட் பி கொடுத்து, பிரின்டருக்குப் பதில் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். தாள் செலவும் இல்லை, தொலையவும் தொலையாது.

9. கீபோர்டு மாறிப்போனால்

சர்வீஸ்காரரைக் கூப்பிடும் முன் இவற்றைப் பாருங்கள். இவற்றுக்குப் பணம் கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

எக்செல்லில் அம்புக்குறி தட்டினால் செல் மாறாமல் தாளே நகர்கிறதா? ஸ்க்ரோல் லாக் விழுந்திருக்கிறது. உங்கள் லேப்டாப்பில் அந்தக் கீ இல்லையென்றால் விண்டோஸ் + கன்ட்ரோல் + ஓ தட்டி, திரையில் வரும் கீபோர்டில் அதை அணையுங்கள்.

தட்டினாலும் எழுத்து தாமதமாக விழுகிறதா? வலது ஷிஃப்டை எட்டு நொடி பிடித்தால் ஃபில்டர் கீஸ் ஆன் ஆகிவிடும். யோசித்தபடியே ஷிஃப்டில் விரலை வைத்திருப்பவர்களுக்கு நேர்வது இது. ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் வருவது ஸ்டிக்கி கீஸ். செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி (விண்டோஸ் 10-இல் ஈஸ் ஆஃப் ஆக்சஸ்) பகுதியில் கீபோர்டுக்குப் போய் இரண்டையும் ஷார்ட்கட்டோடு சேர்த்து அணைத்துவிடுங்கள்.

ஷிஃப்ட் + 2 தட்டினால் @ வராமல் மேற்கோள் குறி வருகிறதா? கீபோர்டு பிரிட்டன் அமைப்பில் இருக்கிறது, மொழி அமைப்பில் அதை நீக்குங்கள். திரை ராட்சத அளவாகிவிட்டதா, விண்டோஸ் + எஸ்கேப். பிரவுசரில் மட்டும் எழுத்து பெரிதா, கன்ட்ரோல் + 0. கணினி தானாகப் பேசத் தொடங்கினால் விண்டோஸ் + கன்ட்ரோல் + என்டர். பழைய கணினிகளில் திரை தலைகீழானால் கன்ட்ரோல் + ஆல்ட் + மேல் அம்புக்குறி. எதற்கும் அசையாத புரோகிராமுக்கு கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப், பிறகு எண்ட் டாஸ்க். சேமிக்காதது போய்விடும்.

10. நேரமும் செலவும்

இதற்கென்று கட்டணப் பயிற்சி தேவையில்லை. வாரத்துக்கு ஐந்து ஷார்ட்கட் எடுத்து, மானிட்டர் ஓரத்தில் சின்னத் துண்டில் எழுதி ஒட்டுங்கள். பார்க்காமல் வர ஆரம்பித்ததும் துண்டை மாற்றுங்கள். முதல் சில நாள் மௌஸைவிட மெதுவாகத்தான் இருக்கும். அவசர வேலை இருக்கும் நாளில் புதிதாக எதையும் பழகாதீர்கள்.

லேப்டாப்பில் நாள் முழுக்க எண் அடிக்கிற வேலையென்றால் தனி யுஎஸ்பி கீபோர்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்நூறு ரூபாயை ஒட்டிய விலையில் கிடைப்பதே போதும். கடையில் மூன்று விஷயம் பாருங்கள்: வலப்பக்கம் தனி எண் பகுதி வேண்டும், எஃப் வரிசை எஃப்என் இல்லாமல் நேரே வேலை செய்ய வேண்டும், டெலீட், ஹோம், எண்ட் முதலிய ஆறு கீகளும் வழக்கமான இடத்தில் இரண்டு வரிசையாக இருக்க வேண்டும். இடம் மிச்சம் பிடிக்க இவற்றை எண் பகுதிக்குள் திணித்த சின்ன கீபோர்டுகள் பார்க்க அழகாக இருக்கும். நம்லாக் ஒருமுறை மாறினால் எண் வர வேண்டிய இடத்தில் கர்சர் ஓடிக்கொண்டிருக்கும்.